அந்தச் சதை செத்துப்போகவில்லை

2010ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம், பதுளையிலிருந்து வந்த பஸ்ஸில் என் பெரியம்மாவின் மகள் லுணுகலைக்கு வந்து சேர்ந்தார். நான் அக்கா என்று அழைப்பவர். பஸ் நடத்துனர் ஒரு பக்கமும் அவருடைய மகள் மறு பக்கமுமாகப் பிடித்து அவரை இறக்கிவிட்டார்கள். கையில் இரண்டு ஊன்றுகோல்கள், தோளில் ஒரு துணிப்பை. முப்பத்துமூன்று வருடங்களுக்குப் பிறகு பிறந்த ஊருக்கு அவர் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

1977ஆம் ஆண்டு ஆவணி மாதக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. பெரியம்மாவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. அப்போது அக்காவுக்கு 11 வயது, எனக்கு 5 வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் தண்ணீர்க் குடத்துடன், பீலியிலிருந்து லயத்துக்கு வரும் படிகளில் அவர் மூச்சு வாங்காமல் ஏறுவார். அக்கா என்றால் எனக்கு அந்த ஏற்றந்தான் ஞாபகம்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முல்லைத்தீவில் ஷெல் துண்டொன்று அவருடைய இடது தொடையில் பாய்ந்து எலும்பை முறித்தது. அதே நாளில் அத்தானும் இறந்துபோனார். அத்தானைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. காலைப் பற்றி எழுத மட்டுமே அக்கா அனுமதி தந்திருக்கிறார்.

எலும்பு பொருந்துவதற்காகக் காலுக்கு வெளியே கம்பிகளைப் பூட்டியிருந்தார்கள். பல மாதங்கள் அப்படியே படுக்கை. அதன் பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரம். கம்பிகளைக் கழற்றி, எலும்பு ஒட்டிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எலும்பு உண்மையிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் கால் நடக்கவில்லை.

வந்த அன்று இரவு குளிக்க வார்க்கும்போதுதான் அந்தக் காலை நான் பார்த்தேன். வலது தொடை ஒரு பெண்ணின் தொடையாக இருந்தது. இடது தொடை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் தொடையைப் போல் இருந்தது. தோல் தளர்ந்து, முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் பார்ப்பதை அக்கா கவனித்துவிட்டார்.

"இந்தச் சதை செத்துப்போச்சு தங்கச்சி. இனி இது என்னோட கூட வாற கட்டைதான்" என்றார்.

லயத்தில் பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நரம்பு செத்துப்போச்சு என்றார் ஒருவர். போன சதை போனதுதான் என்றார் இன்னொருவர். நானும் தலையை ஆட்டினேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை. தசை இழையம் பற்றிய பாடத்தை எத்தனையோ வருடங்கள் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவள். வீட்டுக்குள் ஒரு தசை மெலிந்து கிடந்தபோது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நான் படிப்பித்த பாடம்

எமது உடலில் மூன்று வகைத் தசைகள் உள்ளன. முதலாவது இதயத் தசை. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை சுருங்கி விரிகிறது. நாம் நித்திரை கொண்டாலும் அழுதாலும் பதுங்குகுழிக்குள் கிடந்தாலும் அது நிற்பதில்லை.

இரண்டாவது மழமழப்பான தசை. குடல், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் இருப்பது. இதுவும் எமது விருப்பத்தைக் கேட்காமலே மெதுவாக வேலை செய்யும். சாதாரண நாட்களில் 100 கிராமுக்கும் குறைவான கருப்பை, பிரசவ காலத்தில் ஒரு கிலோ அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பிள்ளையை வெளியே தள்ளுவது அந்தத் தசையின் பலந்தான். பிள்ளை பிறந்து சில வாரங்களில் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஒரு தசை தேவைக்கு வளர்ந்து, தேவை முடிந்ததும் சிறுத்துப் போகும் என்பதற்கு, பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணின் உடம்புமே சாட்சி.

மூன்றாவது வன்கூட்டுத் தசை. எலும்புகளோடு நாண்களால் கட்டப்பட்டிருப்பது. இந்த வகையில் 600க்கும் மேற்பட்ட தசைகள் எமக்கு உண்டு. இவைதான் நாம் நினைத்தபடி அசைபவை. அக்காவின் தொடையில் மெலிந்து கிடந்ததும் இந்த வகைதான்.

ஒரு தும்புக் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். பெரிய புரிக்குள் சின்னப் புரி, சின்னப் புரிக்குள் தும்பு. தசையும் அப்படித்தான் இருக்கிறது. கட்டுக்கட்டாக இருக்கும் நார்களில் ஒவ்வொரு நாரும் ஒரு கலம். அந்த நாருக்குள்ளும் இரண்டு விதமான மிக மெல்லிய இழைகள் ஒன்றுக்கிடையில் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தடித்த இழை மயோசின், மெல்லிய இழை அக்டின். இரண்டும் புரதத்தால் ஆனவை.

இப்போது உங்கள் இரண்டு கைவிரல்களையும் நுனி மட்டும் கோத்துப் பிடியுங்கள். பிறகு மெதுவாக உள்ளே தள்ளுங்கள். விரல்களின் நீளம் குறையவில்லை. ஆனால் இரண்டு கைகளும் நெருங்கிவிட்டன அல்லவா? தசை சுருங்குவது இப்படித்தான். மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்ததும் இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்து உள்ளே வழுக்கிச் செல்கின்றன. 1954ஆம் ஆண்டு 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் இந்த விடயத்தை வெளியிட்டன. அந்த விஞ்ஞானிகளில் ஜீன் ஹான்சன் என்ற பெண்ணும் ஒருவர்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். தள்ளத் தெரியாது. எனவே அவை சோடி சோடியாக வேலை செய்கின்றன. தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நீட்டும். பின்பக்கத் தசை மடக்கும். முன்பக்கத் தசை பலமிழந்தால் முழங்கால் நிற்காமல் மடிந்துவிடும். அக்கா ஊன்றுகோலை விட்டால் விழுவதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. "பயன்படுத்தாத தசை மெலியும்" என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்குக் குறிப்பாகவும் கொடுத்திருக்கிறேன்.

அன்பினால் செய்த பிழை

அந்த வருடம் முழுவதும் நான் செய்தது இதுதான். அக்காவுக்குச் சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீர் வார்த்துவிட்டேன். எழும்ப முயன்றால், "வேணாங்க்கா, நீங்க இருங்க" என்றேன். அம்மா தினமும் எண்ணெய் காய்ச்சித் தடவினார். அவ்வளவு துன்பப்பட்டு வந்தவளை அசையவிடாமல் வைத்திருப்பதுதான் அன்பு என்று எங்கள் எல்லோருக்கும் நினைப்பு.

2011ஆம் ஆண்டு மாசி மாதத்தில், முழங்கால் வீங்கியது என்று பதுளை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் விளங்கும். அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை அசைக்கச் சொன்னார். அசைந்தது. ஒரு சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் லேசாகத் துள்ளியது.

அவர் என்னிடம் திரும்பி, "நரம்பு இருக்கிறது. தசையும் இருக்கிறது. இரண்டு வருடமாக யாரும் இதனிடம் வேலை கேட்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா நம்பவில்லை.

அவர் விளக்கியதை என் பாடத்தோடு சேர்த்து இப்போது சொல்கிறேன். உடம்பு சிக்கனமானது. தசையை வைத்திருப்பது செலவு பிடிக்கும் காரியம். எனவே ஒரு தசையிடமிருந்து வேலை கேட்கப்படாவிட்டால், அதிலுள்ள புரத இழைகளை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சில வாரங்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நார்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் போல மெலிந்து நிற்கும். விண்வெளிக்குப் போகும் வீரர்களுக்கும் இதுவே நடக்கிறது. அங்கே பாரம் சுமக்கும் தேவை கால்களுக்கு இல்லை. அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்கிறார்கள். இளமையும் ஆரோக்கியமும் உள்ள வீரருக்கே அப்படியென்றால், கூடாரத்தில் படுத்துக் கிடந்த பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

ஒன்னு, ரெண்டு, மூனு

முதலாவது பயிற்சி மிகவும் எளிது. மல்லாந்து படுத்துக் காலை நீட்டவேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைக்கவேண்டும். அந்தத் துவாயை முழங்காலால் கீழே அமத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நேரம்.

அந்தப் பெண் எண்ணத் தொடங்கினார். "எக்காய், தெக்காய், துனாய்..."

அக்காவின் தொடை அசையவில்லை. ஆனால் தோள்கள் இரண்டும் காது வரை உயர்ந்துவிட்டன. தாடை இறுகிவிட்டது. கைகள் மெத்தை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தன. முகாமிலும் சோதனைச் சாவடிகளிலும் வரிசையில் நிற்கவைத்து எண்ணியபோது கேட்ட எண்கள் அவை. எண்ணியவர் வேறு, இந்தப் பெண் வேறு என்பது அக்காவுக்குத் தெரியும். தசைகளுக்கு அது தெரியவில்லை.

பயம் என்பது மனதில் மட்டும் இருப்பதல்ல. ஆபத்து வரும்போது ஓடவும் தடுக்கவும் ஆயத்தமாகத் தசைகள் இறுகுகின்றன. ஆபத்து போனபிறகு தளரவேண்டும். நீண்ட காலம் பயத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கழுத்தும் தோளும் தாடையும் தளர மறந்துவிடுகின்றன. தலையிடி, கழுத்து வலி, காலையில் எழும்பும்போதே வரும் களைப்பு போன்றவற்றில் பலவற்றுக்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே விளங்கிக்கொண்டார் போலும். ஒரு கடதாசியை நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டுச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு கிழமை கழித்துப் போனபோது, "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று தடுமாறித் தடுமாறி எண்ணினார். அக்கா அவர் பிழைவிட்ட இடத்தைத் திருத்தினார். அன்று தோள் உயரவில்லை.

தளர்த்துவதற்கும் ஒரு பயிற்சியை அவர் சொல்லிக்கொடுத்தார். பாதத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக வேண்டுமென்றே இறுக்கி, ஐந்து எண்ணி, பிறகு முற்றாகத் தளரவிடுவது. பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று மேலே வரவேண்டும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் நூறு வருடங்களுக்கு முன்பிருந்தே இதை ஆராய்ந்து 1929ஆம் ஆண்டு நூலாக எழுதினார். இறுக்கம் எது, தளர்வு எது என்று உடம்புக்குத் திரும்பக் காட்டிக்கொடுப்பதுதான் இதன் நோக்கம். அக்கா இன்றும் படுக்கப் போகுமுன் இதைச் செய்கிறார். நானும் செய்கிறேன்.

ஒரு சிறு துடிப்பு

வீட்டுக்கு வந்து ஒன்பது நாட்கள் வரை ஒன்றும் தெரியவில்லை. துவாயை அமத்துவதாக அக்கா நினைப்பார், தொடை சும்மா கிடக்கும். பத்தாம் நாள் காலை, "தங்கச்சி, இங்க கைய வை" என்று கூப்பிட்டார். முழங்காலுக்கு மேலே தோலுக்குக் கீழே ஏதோ துடித்தது. பிள்ளை வயிற்றுக்குள் முதன்முதலாக அசைவது போல இருந்தது என்று அக்கா சொன்னார்.

பயிற்சியின் முதல் சில வாரங்களில் வரும் பலம் தசை பருத்ததால் வருவதல்ல. நரம்பு பழைய பாதையைத் திரும்பக் கண்டுபிடித்து, அதிக நார்களை ஒரே நேரத்தில் எழுப்பப் பழகுவதால் வருவது. அதன் பிறகுதான் நார்கள் தடிக்கத் தொடங்கும். இதைத் தெரிந்திருந்தால் நாங்கள் அந்த ஒன்பது நாட்களில் மனமொடிந்திருக்கமாட்டோம். எனவே சகோதரிகளே, முதல் மாதத்தில் கால் பருக்கவில்லை என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் காலை நீட்டியபடி ஒரு சாண் உயர்த்தினார். பிறகு ஒரு துணிப்பையில் மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டி உயர்த்தினார். பிறகு இஸ்தோப்பில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழும்பப் பழகினார். எழும்புவதும் உட்காருவதும் தொடைத் தசைக்கு மிக நல்ல பயிற்சி. அதற்கு எந்தச் சாமானும் தேவையில்லை.

வயது போய்விட்டது, இனி என்ன என்று சிலர் நினைக்கலாம். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில், முதியோர் இல்லமொன்றிலிருந்த ஏறத்தாழ 90 வதுடைய 10 பேருக்கு, எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால்பலம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது. அந்த ஆய்வை நடத்தியவரும் ஒரு பெண் வைத்தியர்தான்.

அம்மாவின் கழுத்து

அக்காவின் தசை வேலையில்லாமல் கெட்டது. அதே வீட்டில் என் அம்மாவின் தசைகள் ஓய்வில்லாமல் கெட்டிருந்தன. இதையும் நான் அப்போதுதான் கண்டேன்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பறிப்பது விரல்தான் என்று நினைக்கிறோம். ஆனால் விரல்களை மடக்கும் பலமான தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள், தெரியும். அதனால்தான் நாள் முழுவதும் பறித்தவர்களுக்கு முன்கையும் மணிக்கட்டும் வலிக்கின்றன.

கழுத்தின் கதை வேறு. கூடைக் கயிறு தலையில் இழுக்கும்போது கழுத்துத் தசை அசையாமல் இறுகி நிற்கவேண்டும். அசையும் தசை, சுருங்கி விரியும்போது இரத்தத்தைத் தள்ளி உள்ளே எடுக்கும். இறுகியே நிற்கும் தசைக்குள் இரத்தக்குழாய்கள் நெருக்கப்பட்டு ஒட்சிசன் போதாமல் போகும். எனவே அம்மாவுக்குத் தேவைப்பட்டது அக்காவுக்குத் தேவைப்பட்டதற்கு எதிரானது. இடைக்கிடை கூடையை இறக்கிவைத்து, தோளைச் சுழற்றி, கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்து ஒரு நிமிடம் ஓய்வு கொடுப்பது. "அதுக்கு நேரம் தரமாட்டாங்களே புள்ள" என்று அம்மா சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தசைக்கு ஓய்வு வேண்டும் என்பது விஞ்ஞானம். அந்த ஓய்வைக் கேட்டுப் பெறுவது வேறு போராட்டம்.

பாரம் தூக்கும் பெண்களும் பல பிள்ளைகளைப் பெற்றவர்களும் வெளியில் சொல்லாத இன்னொரு தசையும் உண்டு. இடுப்பெலும்புக்குள் அடியில் தொட்டில் போல் விரிந்து, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குவது. இது தளர்ந்தால் தும்மும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசியும். கருப்பை இறங்கியது போலவும் இருக்கும். இதுவும் நாம் நினைத்தபடி இயங்கும் தசைதான். சிறுநீரை அடக்குவது போல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணி, விடவேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நேரம். 1948ஆம் ஆண்டில் ஆர்னல்ட் கெகல் என்ற வைத்தியர் இதை எழுதியது முதல் உலகெங்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இது வெட்கப்படும் விடயமல்ல. கசிவு குறையாவிட்டால் மருத்துவமாதுவிடம் அல்லது வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சாப்பாடும் தேத்தண்ணியும்

கூலி வேலைக்கு ஆள் வந்தாலும் கல்லும் சீமெந்தும் இல்லாமல் சுவர் எழும்பாது. பயிற்சி ஆள் என்றால் புரதம் கல். வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 0.8 கிராம் புரதம் தேவை. அக்காவின் எடை அப்போது 45 கிலோ. நாளொன்றுக்கு 36 கிராமாவது வேண்டும். காயப்பட்டு மெலிந்தவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் கீரையும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, கௌப்பி, கடலை, பயறு, சோயா, நெத்தலிக் கருவாடு என்று மாற்றி மாற்றிச் சேர்க்கத் தொடங்கினோம். பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய முட்டையில் தனக்கும் ஒன்று எடுக்க அக்கா சம்மதிக்க இரண்டு மாதம் பிடித்தது.

தசையின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்ற பொருள். அது ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுப்பது குறைந்துபோகும். தேயிலைக்கு மத்தியில் வாழும் எங்களுக்கு இது கஷ்டமான செய்திதான். தேத்தண்ணியை விடவேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். சாப்பாட்டோடு தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள்வது நல்லது.

அளவுநாடா

2011ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தொண்டு நிறுவனம் அக்காவுக்குக் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்றைக் கொடுத்தது. ஒரு வருடம் முன்பு கொடுத்திருந்தால் அது துணி மூடிய மேசையாகவே இருந்திருக்கும். முதலில் ஐந்து நிமிடம் மிதிப்பார். கெண்டைக்கால் நோகும், நிறுத்திவிடுவார். பிறகு பத்து நிமிடம். வருமானத்துக்கென்று வந்த மெஷின் அவருக்குப் பயிற்சி மெஷினாகவும் ஆனது.

தைப்பதற்கு வைத்திருந்த அளவுநாடாவால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தொடையை அளப்போம். தொடங்கும்போது வலது தொடை 18 அங்குலம், இடது 14. ஒரு வருடத்துக்குப் பிறகு இடது பதினாறரை. அதற்கு மேல் அதிகம் கூடவில்லை. ஷெல் துண்டு கிழித்த இடத்தில் தசைக்குப் பதிலாகத் தழும்பு இருக்கிறது. அந்த இடம் திரும்பி வராது. கால் சற்றுக் கட்டை, நடை சாய்வு. ஆனால் 2012ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல் நாள், லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் 42 படிகளையும் ஒரு பொல்லை மட்டும் ஊன்றி அவர் தனியாக இறங்கி, லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போய் நூல் வாங்கி வந்தார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்கு வலித்தது. இறங்கும்போது தொடைத் தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீளவேண்டியிருக்கிறது. அப்போது நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. பழக்கமில்லாத வேலை செய்த மறுநாளும் மூன்றாம் நாளும் வரும் நோவு அதுதான். அது இரண்டு மூன்று நாளில் ஆறும். ஆறும்போது தசை முன்பைவிடத் தாக்குப்பிடிக்கப் பழகிவிடும். நல்ல நோவு, கெட்ட நோவு என்று அக்கா இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். தசை முழுவதும் பரவி இரண்டு நாளில் குறைவது நல்ல நோவு. மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது, மரத்துப்போவது, இரவில் எழுப்புவது எல்லாம் கெட்ட நோவு. அதற்குப் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். உடம்புக்குள் ஷெல் துண்டு இருப்பவர்களும், நரம்பு அறுபட்டவர்களும், எலும்பு ஒட்டியதா என்று தெரியாதவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

காலை இழந்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. செயற்கைக் காலை நடத்துவது உங்கள் இடுப்பிலும் மிஞ்சிய தொடையிலும் உள்ள தசைதான். எனவே செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன்பே அந்தத் தசைகளைப் பலப்படுத்தவேண்டும். 1987ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடங்களில் கால் பொருத்துவதோடு இத்தகைய பயிற்சிகளும் கொடுக்கப்படுகின்றன. கிடைக்கும்போது கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இப்போது அறுபதை அண்டிய வயது. அவருடைய மகள் திருமணம் முடித்துப் பசறையில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அக்கா தனியாகவே பஸ் ஏறிப் போகிறார். பிள்ளையை இடுப்பில் தூக்குவதில்லை. உட்கார்ந்துகொண்டு மடியில் வைத்துக்கொள்கிறார். காலையில் வாங்கிலிருந்து எழும்பி உட்காரும் பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை. விட்டால் திரும்பவும் மெலியும் என்று அவருக்குத் தெரியும்.

நான் இப்போது தசை இழையம் படிப்பிக்கும் நாளில், கரும்பலகையில் படம் கீறுவதற்கு முன் பிள்ளைகளை எழுப்பி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, தொடையில் கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டில் யாராவது அசையாமல் கிடக்கிறார்களா என்றும் கேட்கிறேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று கைகள் உயர்கின்றன.

இதை எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இறக்கம்தான் நோகும்னு எழுதினியா?" என்று கேட்டார்.

எழுதினேன் என்றேன்.

"ரெண்டு நாளில் ஆறிடும்னும் எழுது" என்றார்.